திரும்பி வந்த படங்கள்

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் மாலை, பார்சல் அலுவலகத்தில் அன்றைய கணக்கைச் சரிபார்த்துப் பதிவேட்டை மூடும் வேளையில், என் கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு புகைப்படப் போட்டிக்கு நான் அனுப்பியிருந்த 4 படங்களுள் ஒன்றும் தேர்வு பெறவில்லை என்பதே அதன் செய்தி. ஆர்வத்திற்கு நன்றி கூறி, அடுத்த ஆண்டும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாண்டுகளில் இத்தகைய கடிதம் எனக்கு வருவது 23-ஆவது முறை. இதையெல்லாமா எண்ணி வைப்பார்கள் என்று அன்பர்கள் கேட்கலாம். பார்சல் எழுத்தனுக்கு எண்ணுவதைத் தவிர வேறென்ன தெரியும்? வந்தது, சென்றது, தங்கியது, திரும்பியது என்று நாள்தோறும் எழுதுகிறவன் நான். திரும்பி வந்த படங்களுக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன்.

என் சொந்த ஊர் அம்பாசமுத்திரத்திற்கு அருகில் ஒரு சிற்றூர். ரயில்வேயில் பணியாற்றிய என் தந்தையார் பணிக்காலத்திலேயே காலமாகிவிட, பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. திருவனந்தபுரத்திற்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. கரமனையில் வாடகை வீடு, மனைவி, பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பயிலும் இரண்டு குழந்தைகள். இவ்விதழைப் படிக்கும் பல குடும்பங்களின் கதையும் ஏறக்குறைய இதுவே ஆதலால் விரித்துரைக்கவில்லை.

வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியும் இவ்வூர்ப் பேச்சு எனக்கு முழுதும் வசப்படவில்லை. நான் வாய் திறந்தால் எதிரே இருப்பவர் புன்னகை செய்வார். அதில் பகை ஒன்றுமில்லை. ஆயினும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அக்காலத்தில், கடையை மூடவிருந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடமிருந்து பழைய டிஜிட்டல் காமிரா ஒன்றைத் தவணையில் வாங்கினேன். விடியற்காலையில் சாலைக் கடைத் தெருவுக்குப் போவேன். தோவாளையிலிருந்து வந்திறங்கும் பிச்சியையும் அரளியையும் மூட்டை அவிழ்க்கிறவர்களைப் படமெடுப்பேன். விடுமுறை நாட்களில் சங்குமுகம் கடற்கரை, வெள்ளாயணி ஏரி, பத்மதீர்த்தக் குளத்தின் கரை என்று திரிவேன். காமிராவுக்கு மொழி வேண்டியதில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினால் மீன் விற்கும் அம்மையாரும் சிரிப்பார். அச்சிரிப்புக்கு நானும் சிரித்தால் போதும். புதிய ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நட்பெல்லாம் இப்படி வந்ததுதான்.

பிறகு ஆசை வளர்ந்தது. நாமும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால் என்ன, ஒரு கண்காட்சியில் நம் படமும் தொங்கினால் என்ன என்று தோன்றிற்று. அனுப்பினேன். திரும்பிற்று. மீண்டும் அனுப்பினேன். மீண்டும் திரும்பிற்று. முதல் கடிதம் வந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் இன்று எனக்கே நகைப்பாக இருக்கிறது. திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்னும் 63-ஆவது அதிகாரத்தைப் பள்ளியில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். துன்பம் வந்தால் சிரிக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னது நினைவிலிருந்தது, சிரிப்புத்தான் வரவில்லை.

இத்துறையில் புதிதாக இறங்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதற்காக, போட்டிகள் நடக்கும் முறையைச் சிறிது சொல்கிறேன். அமெச்சூர் புகைப்படக் கலைஞர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 1950-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அமைந்தது. இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு 1953-இல் தோன்றியது. நம் சென்னையிலோ அதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1857-இல், புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. இத்தகைய அமைப்புகளின் சார்பில் நடக்கும் போட்டிகளில் வண்ணம், கறுப்பு வெள்ளை, இயற்கை, பயணம் என்று பிரிவுகள் உண்டு. நடுவர்கள் மூவரோ ஐவரோ அமர்ந்து, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். ஒரு படத்திற்குக் கிடைப்பது சில விநாடிகளே. நாம் ஒரு மாதம் அலைந்து எடுத்த படமாயினும், அச்சில விநாடிகளில் அது தன்னைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். நம் வீட்டு வறுமையையோ, பழைய காமிராவையோ, இரவுப் பணி முடித்து உறங்காமல் சென்றதையோ அங்கே எடுத்துரைப்பார் இல்லை.

இவை எனக்குப் பின்னரே விளங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதுவரை வந்த 22 மறுப்புகளையும் பார்சல் கணக்கைப் போலத் தரம் பிரித்தேன். ஐந்து, விதியை நான் சரியாகப் படிக்காததால் வந்தவை. அளவு தவறியது ஒன்று. காலம் கடந்தது இரண்டு. கட்டணச் சீட்டை இணைக்க மறந்தது ஒன்று. எஞ்சியது ஒரு மயில். வெள்ளாயணிப் பக்கம் வயலில் நின்ற மயிலை அழகாகத்தான் எடுத்திருந்தேன். பின்னால் ஒரு மின்கம்பி தெரிந்தது. கணினியில் அக்கம்பியை அழித்துவிட்டு இயற்கைப் பிரிவுக்கு அனுப்பினேன். அப்பிரிவில் படத்திலுள்ள எதையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது என்பது விதி. நான் செய்தது அழகுபடுத்தல் என்று எண்ணியிருந்தேன்; விதியின்படி அது பொய்.

பத்து, மறுக்கப்பட வேண்டியவையே. சங்குமுகத்தில் மாலைச் சூரியன், சூரியனுக்கு எதிரே வலை வீசும் மீனவர், மழையில் குடை பிடித்துச் செல்லும் சிறுமி முதலியவை. ஆயிரம் பேர் எடுத்த சூரியனை ஆயிரத்தொன்றாவது முறை நான் எடுத்திருந்தேன். அவற்றை இன்று பார்க்கும்போது நடுவர்மீது எனக்குச் சிறிதும் மனக்குறை இல்லை.

மீதி ஏழுக்குத்தான் என்னால் காரணம் காண இயலவில்லை. அந்த ஏழில் மூன்று, ஒரே படத்திற்கு மூன்று இடங்களிலிருந்து வந்தவை. நான் சொல்ல வந்ததும் அப்படத்தைப் பற்றியே.

நம் ரயில் நிலையத்தில் சுமைதூக்கும் பணியில் ஒரு முதியவர் இருந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். நாகர்கோவிலிலிருந்து இந்நகருக்கு ரயில் பாதை 1979-இலும், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981-இலும் திறந்த பின்னர், அவ்வழியே பிழைப்புத் தேடி வந்தவர்களுள் ஒருவர். 1984-இல் வந்தாராம். சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக 40 ஆண்டுகள் இங்கேயே கழித்தார். நான் அவரை அண்ணாச்சி என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். வேலைக்கு வந்த முதல் வாரத்தில், எனக்கு மலையாளம் புரியாமல் ஒரு வியாபாரியிடம் திணறிக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்து பேசித் தீர்த்துவைத்தவர் அவரே.

2022-இல் ஒரு விடியற்காலை, 1931-இல் திறந்த நம் நிலையத்தின் கருங்கல் சுவரோரம் அண்ணாச்சி நின்றிருந்தார். வண்டி தாமதம். இறக்கி வைத்த பெட்டிக்கு அருகே, வேறெதையும் எண்ணாதவராய், வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவுப் பணி முடித்துச் சென்ற நான் அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். எடுத்தவுடனேயே இது நல்ல படம் என்று எனக்குத் தெரிந்தது. ஆசையினால் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டேன். "அண்ணாச்சி, இது பத்திரிகையில வரும். வந்ததும் ஒங்களுக்கு ஒண்ணு கொண்டாந்து தாரேன்" என்றேன்.

முதலில் அனுப்பிய இடத்திலிருந்து, மறுப்போடு நடுவரின் குறிப்பும் வந்தது. நிற்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார், படம் நேராக இல்லை என்று எழுதியிருந்தார். நான் கணினியில் படத்தைச் சற்றே திருப்பித் தோள்களை நேராக்கினேன். தோள் நேரானது, கருங்கல் சுவர் சாய்ந்தது. அதை இரண்டாம் இடத்திற்கு அனுப்பினேன், மறுத்தார்கள். மூன்றாம் முறை, சுவரும் வேண்டாம் தோளும் வேண்டாம் என்று முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினேன். அதுவும் திரும்பிற்று.

இதற்கிடையில் அண்ணாச்சி என்னைக் காணும்போதெல்லாம், "என்ன தம்பி, படம் வந்துட்டா?" என்று கேட்பார். "வரும் அண்ணாச்சி" என்பேன். மூன்றாம் மறுப்பிற்குப் பின் அப்பதிலையும் சொல்ல வாய் வரவில்லை. முதல் நடைமேடை வழியே செல்வதை விட்டு, பின்பக்க வாசலால் வரத் தொடங்கினேன். ஒரு படம் தேறவில்லை என்பதற்காக, எனக்கு இவ்வூரில் முதன்முதல் உதவிய மனிதரைக் கண்டு நான் ஒளிந்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆயினும் இக்கட்டுரைக்கு இதுவே உயிர் ஆதலால் மறைக்கவில்லை.

காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எட்டு மாதம் தொடவில்லை. இடவப்பாதி மழையும் துலா மழையும் அடுத்தடுத்து வந்து போயின. ஒருநாள் பிள்ளையின் பிறந்த நாளுக்கென்று எடுத்துப் பார்த்தபோது, லென்சுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கேரளத்து ஈரக்காற்றில் பயன்படுத்தாத லென்சுக்கு நேரும் கதி இது. சுத்தம் செய்ய 2,000 ரூபாய் ஆயிற்று. "போட்டியில தோத்ததுக்குச் செலவு ஒண்ணுமில்ல. கோவிச்சுக்கிட்டதுக்குத்தான் ரெண்டாயிரம்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அன்று முதல் விடுமுறை நாட்களில் பாளையத்திலுள்ள மாநில மைய நூலகத்திற்குச் செல்லலானேன். 1829-இல் தொடங்கிய பழம்பெரும் நூலகம் அது. புகைப்படக் கலையின் வரலாற்றைத் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் படித்தேன். மறுக்கப்பட்டவன் நான் ஒருவனே அல்லன் என்பது முதலில் தெரிந்தது.

கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்து, 1858-இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களைப் படமெடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒரே தொடராக்கிக் காட்டினார். ஆனால் 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இது செலவு மிகுந்த ஆடம்பரம் எனக் கருதி அவ்வேலையை நிறுத்தச் செய்தார். அதன்பின் டிரைப் பெரும்பாலும் காமிராவைத் தொடாமலே காலம் கழித்தார். படம் குறையுடையது என்று அங்கே எவரும் சொல்லவில்லை, பணமில்லை என்றார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவின் தொடக்க காலப் படங்கள், அவர் கணவர் பெயரால் அச்சாயின. படம் ஏற்கப்பட்டது, பெயர் ஏற்கப்படவில்லை. அவருக்கே 2011-இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

இவர்களினும் என் மனத்தைத் தொட்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 48-ஆம் வயதில், 1863-இல், மகளும் மருமகனும் அளித்த காமிராவே அவருக்கு முதல் காமிரா. கோழிக் கூண்டு இருந்த இடத்தைப் படமெடுக்கும் கூடமாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அவர் எடுத்த முகங்கள் சற்றே மங்கலாக இருக்கும். லண்டன் புகைப்பட வட்டாரத்தினர் அதைக் குறையென்றும், கவனக்குறைவென்றும் கடுமையாக எழுதினார்கள். அம்மையாரோ மாறவில்லை. காமிராவைத் திருகிக்கொண்டே வரும்போது எவ்விடத்தில் முகம் தமக்கு அழகாகத் தோன்றிற்றோ அவ்விடத்தில் நிறுத்திக்கொண்டதாகப் பின்னாளில் எழுதி வைத்தார். அவருடைய படங்களைத் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இலேயே வாங்கி வைத்தது.

1875-இல் அவர் கணவரோடு இலங்கைக்குச் சென்றார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்தில் உழைத்த தமிழ் மக்களை அவர் படமெடுத்தார். 1879-இல் அங்கேயே காலமானார். அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. அவற்றுள் ஒன்றிரண்டை அப்புத்தகத்தில் கண்டேன். கடல் கடந்து கூலி வேலைக்குச் சென்ற நம் இனத்துப் பெண்ணொருத்தி, 150 ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து என்னை நேருக்கு நேர் நோக்கினாள். படத்தின் கீழ் எடுத்தவர் பெயர் இருந்தது. நிற்பவள் பெயர் இல்லை; தமிழ்ப் பெண் என்று பொதுவாகக் குறித்திருந்தார்கள்.

அந்த இடத்தில் எனக்கு அண்ணாச்சியின் நினைவு வந்தது. ஈராண்டாக நான் காத்திருந்தது எதற்காக? என் பெயர் அச்சாவதற்காக. படத்தில் நின்றவருக்கு அவர் படத்தைக் கொடுப்பதற்கு எந்த நடுவருடைய இசைவு வேண்டியிருந்தது? நான் கொடுத்த வாக்கில், பத்திரிகையில் வந்தால்தான் என்னும் பகுதி என் பெருமைக்காக நானே சேர்த்துக்கொண்டது.

மறுநாளே, திருப்பாமலும் வெட்டாமலும் எடுத்தபடியே பெரிய அளவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நிலையத்திற்குச் சென்றேன். மூட்டு வலியால் அண்ணாச்சி வேலையை விட்டுவிட்டார் என்றும், அவ்வார இறுதியில் ஊருக்கே போகிறார் என்றும் மற்றொரு போர்ட்டர் சொன்னார். தம்பானூரில் அவர் தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "பத்திரிகையில வரல அண்ணாச்சி. மூணு தடவை அனுப்பினேன். வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிப் படத்தை நீட்டினேன்.

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. படத்தை வெளிச்சத்திற்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் இடத் தோளைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் தோளப் பாருங்க தம்பி. நாப்பது வருசம் பெட்டி இருந்த தோளு. வலது ஒசரம், இடது தாழ்ச்சி. சட்ட தைக்கிறவன்கூட இதக் கவனிச்சதில்ல. நீங்க பிடிச்சிருக்கீங்களே!" என்றார்.

நடுவர் குறையென்று எழுதியதும் நான் கணினியில் திருத்தியதும் அந்தத் தோளைத்தான். நடுவர்மீது குற்றமில்லை, அவர் அண்ணாச்சியைக் கண்டதில்லை. குற்றம் என்னுடையது. 12 ஆண்டுகள் நாள்தோறும் கண்ட நானே, எவரோ நேராக இல்லை என்றதும் அவர் தோளை நிமிர்த்தப் புறப்பட்டேன்.

புறப்படும் முன் அண்ணாச்சி ஒன்று கேட்டார். "பின்னால எம் பேரையும் ஊரையும் எழுதிருங்க தம்பி. பேரப்பிள்ளைக பிற்காலத்துல யாருன்னு கேக்கக்கூடாது பாருங்க." அவர் பெயர், ஊர், வில்லை எண், 1984 முதல் 2024 வரை திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் உழைத்தவர் என்னும் விவரம் எல்லாவற்றையும் நல்ல எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என் பெயரையும் எழுதச் சொன்னார். ஓரத்தில் சிறிதாக எழுதினேன்.

இதனால் போட்டிகளுக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அனுப்பத்தான் வேண்டும். விதிகளை இருமுறை படியுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். சொல்லும் காரணத்தை ஒரு வாரம் கழித்து மனம் ஆறிய பின் மீண்டும் படியுங்கள். பத்தில் ஏறக்குறைய ஏழு முறை நடுவர் சொல்வது சரியாகவே இருக்கும். என் கணக்கு அப்படித்தான் காட்டுகிறது. எஞ்சிய மூன்றில், படத்திலுள்ளதை நீங்கள் அறிந்தது போல அவர் அறியார். அங்கே மட்டும் உங்கள் கண்ணை நம்புங்கள். காமிராவை மட்டும் பூட்டி வைக்காதீர்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு மற்றொரு வேண்டுகோள். வலியசாலையிலும் கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் நம் வீடுகளில் பழைய ஆல்பங்கள் உள்ளன. இவ்வூருக்கு முதலில் வந்த பாட்டனார், கடை திறந்த நாள், வாடகை வீட்டு வாசலில் நடந்த வளைகாப்பு என்று எத்தனையோ படங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். அழுத்தாமல் பென்சிலால் எழுதினால் படம் கெடாது.

23-ஆவது கடிதம் வந்த அன்று, குறிப்பேட்டில் தேதியிட்டுத் திரும்பியது என்று எழுதினேன். வருத்தம் இல்லாமல் இல்லை, இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. சொன்னேன். "அந்த மீன்காரம்மா படமுமா வரலை?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "அப்ப அந்தம்மாவுக்கு ஒரு பிரதி போட்டுக் குடுத்திருங்க" என்றாள். மறுநாள் காலைப் பணிக்குச் செல்லும் வழியில் அதைக் கொடுத்துவிட்டுச் சென்றேன்.